கைக்குத் தொழில் இருக்கு, தாள் எங்கே?

மேசன், பெரியமடு: எனக்கு 46 வயது. 1990இல எல்லாத்தையும் விட்டுட்டுப் போகேக்க 11. புத்தளத்தில மாமாவோட சீமெந்து குழைக்கத் தொடங்கினது, இப்ப ஊரில வீடு கட்டிக் குடுக்கிறன். ஓ.எல். எழுதயில்ல. எனக்கும் சான்றிதழ் எடுக்க ஏலுமா?

ஏலும் அண்ணன். வகுப்பில் குந்தவும் தேவையில்லை. இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில், அதாவது எல்லோரும் என்.வி.கியூ என்று சொல்வதில், உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். கட்டிய வீடுகளின் படங்கள், வேலை செய்வித்தவர்களின் கடிதங்கள் என்று அனுபவத்துக்கு ஆதாரம் சேருங்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டுங்கள், கேட்பதற்கு வாயால் பதில் சொல்லுங்கள். தேறினால் கிடைப்பது, பயிற்சி நிலையத்தில் படித்த பொடியனுக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் உங்கள் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம் பிள்ளைகள், கடைசி யுத்தத்தில் வன்னி முழுக்க அலைந்து மெனிக் பாம் முகாமில் போய்ச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் பறிபோனது பள்ளிக்கூடம். பசிக்குப் பழகிய தொழில் மட்டும் கையில் நின்றது. அந்தக் கைக்கு நாடு ஒரு தாள் கடன்பட்டிருக்கிறது. போய்க் கேட்டு வாங்குங்கள்.

கராஜ் உதவியாள், அடம்பன்: நிலை 3 என்கிறார்கள், நிலை 4 என்கிறார்கள். மொத்தம் எத்தனை?

ஏழு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். நிலை 4 என்றால், பக்கத்தில் ஆள் நின்று பார்க்காமலே வேலையை ஒழுங்காக முடிப்பவர். நீங்கள் குறிவைக்க வேண்டியது அது.

தகப்பன், விடத்தல்தீவு: மகன் மின்னியல் பழகப் போறன் எண்டு நிக்கிறான். படிப்பு ஏறாத பிள்ளையள் போற இடம் எண்டு சொந்தக்காரர் சொல்லினம்.

சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள்: அந்தப் பாதை இரத்மலானையில் இருக்கும் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பிள்ளை விரும்பிக் கேட்கிறான், விடுங்கள்.

கொந்தராத்துக்காரர், மன்னார்: பொடியன்களுக்கு வேலை பழக்கி, பயிற்சிக்கும் அனுப்பினா, அடுத்த மாதம் கட்டாருக்கோ பக்கத்துக் கொந்தராத்துக்காரனிட்டயோ போயிடுறான்கள். நான் ஏன் செலவழிக்க வேணும்?

உங்கள் கணக்குப் பிழையில்லை. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1964இல் மனித மூலதனம் பற்றிய நூலில் இதைத்தான் விளக்கினார். எங்கும் செல்லுபடியாகும் தொழிலைப் பழக்கினால் பலன் பழகியவனோடே போய்விடும், ஆகவே தனி முதலாளி கையை இறுக்கிக்கொள்வார். நீங்கள் இறுக்க, அவரும் இறுக்க, கடைசியில் டைல்ஸ் பதிக்க ஊரில் ஆள் இருக்காது.

இதற்கு மருந்து, பழக்குகிறவரும் பழக்காமல் ஆள் பிடிக்கிறவரும் சேர்ந்து காசு போடுவதுதான். சிங்கப்பூர் 1979இல் அதைச் சட்டமாக்கியது. அங்கே தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட்டு முதலாளி ஒரு தீர்வை கட்டுகிறார், இன்று அது 0.25 வீதம். ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு அந்த நிதி உதவுகிறது. பிரித்தானியா 2017 ஏப்ரலில் இருந்து பெரிய நிறுவனங்களிடம் சம்பளச் செலவில் 0.5 வீதம் அறவிடுகிறது. இந்தியாவில் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், குறைந்தது 2.5 வீதம் பயிலுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நம் நாட்டில் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறார். இரண்டும் தொழிலாளி விலகிப் போகும் நாளுக்கான காசு. அவர் வேலையில் வளர்வதற்கென்று கட்டாயமாக ஒரு சதமும் இல்லை. அது வர வேண்டும், பெரிய நிறுவனங்களில் இருந்து தொடங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

அதுவரை உங்களால் ஒன்று முடியும். நிலை 4 எடுத்தவனுக்கு நாட்கூலியைக் கூட்டுங்கள், எடுக்க முதலே அதைச் சொல்லி வையுங்கள். வெளிநாடு போகிறவனை மறிக்க ஏலாது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அவன் போகும் நாளில் அவன் இடத்தில் நிற்க இன்னொருவன் பழகிக்கொண்டிருக்க வேண்டும்.

மாணவன், பேசாலை: மன்னார் தீவில 30 காற்றாலை சுத்துது. எங்களுக்கு அதில என்ன வேலை?

அவை இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி, 2020 டிசம்பரில் திறந்தது, 103.5 மெகாவாட். பராமரிப்பு வேலைக்கு மின்னியல் தெரிய வேண்டும், உயரத்தில் நிதானம் வேண்டும். அதற்கு மேல் உலகக் காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை உலகெங்கும் கேட்கிறார்கள். உயரத்தில் வேலை, தீ, முதலுதவி, பாரம் தூக்குதல் எல்லாம் அதில் அடங்கும். சான்றிதழ் 2 வருடத்துக்குத்தான், பிறகு திரும்பச் செய்ய வேண்டும். மின்னியலில் நிலை 4ஐ நீ எடு தம்பி. மற்றதைக் கொடுப்பது கம்பனியின் பொறுப்பு. கரையோரத்தில் கோபுரம் நட வருகிறவர், இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேரைப் பழக்குவார் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுத வேண்டும். காற்று எங்களுடையது, சத்தமும் எங்களுக்கு. வேலையும் எங்களுக்கு வர வேண்டும்.

தையல் செய்பவர், பெரியமடு: இரண்டு சின்னப் பிள்ளைகள். காலமை எட்டு மணிக்கு மன்னாரில வகுப்பெண்டா எப்படிப் போறது?

போக ஏலாது தங்கச்சி, பிழை உங்களில் இல்லை. நாட்டில் வேலைக்கு வருகிற பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். நேரத்தையும் தூரத்தையும் இப்படி வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை மாற்ற முடியாது. மெஷின் பிடிக்கிற பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்து வையுங்கள். பொதுநோக்கு மண்டபத்தில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், மதிப்பீட்டாளர் ஊருக்கு வர வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிக்கலாம், பத்துப் பேரைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், உயிலங்குளம்: வீடு கட்டுவிக்கப் போகிறேன். சான்றிதழ் உள்ள மேசனைத்தான் தேட வேண்டுமா?

வேலை தெரிந்தவரைத் தேடுங்கள் ஐயா. அவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால், வீடு முடிந்ததும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: இன்ன வீடு, இன்ன வேலை, இத்தனை மாதம், கீழே உங்கள் பெயரும் கையெழுத்தும். முதல் கேள்வி கேட்ட பெரியமடு அண்ணனிடம் மதிப்பீட்டாளர் கேட்கப் போவது அப்படிப்பட்ட கடிதங்களைத்தான்.