மூன்று நாட்டு வீம்பும் ஒரு கல்யாணக் கேசட்டும்

கலர் டி.வி.க்கு முறை வகுத்த மேதைகள், நம்மூர் வரதராஜன்பேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முதலில் குதித்தது அமெரிக்கா. 1953-இல் என்.டி.எஸ்.சி. முறைக்கு அனுமதி கிடைத்தது. 525 கோடு, விநாடிக்கு 30 படம். புதிதாக நுழைந்த கலர் சிக்னல் ஒலியோடு முட்டிக்கொண்டதால் அந்த 30-ஐ 29.97 ஆக்கினார்கள். புடவைக்கடைத் தள்ளுபடி தோற்றது.

இந்த அமெரிக்க முறையில் நிறம் அடிக்கடி தடுமாறியது. ஜெர்மனியின் வால்டர் புரூக், ஒரு கோடு விட்டு ஒரு கோடு கலர் சிக்னலைத் திருப்பிப் போட்டால் ஒன்றின் தப்பை மற்றது அடைத்துவிடும் என்றார். அதுதான் பால் (PAL) முறை. 625 கோடு, 25 படம். பிரான்ஸும் சும்மா இருக்கவில்லை. பெயரிலேயே நாட்டைச் சுமந்த ஆன்ரி தெ பிரான்ஸ் செகாம் என்று தனிக்கடை போட்டார். 1965-இல் சோவியத்தும் அந்தக் கடையில் சேர்ந்தது.

1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டி வந்த வருஷம், நம் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. எடுத்துக்கொண்டது பால். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 படம் அதற்குத் தோது. கரண்ட் இருக்கும்போது.

இனி அந்தக் காலத்துக் கேசட் கதை. சர்ச்சில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுகிறார். கேசட் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் போகிறது. சிங்கப்பூர் மாமாவுக்குக் கவலையில்லை, அங்கும் பால். பாரிஸ் சித்தப்பாவின் செகாம் பெட்டியில் படம் ஆடாமல் நிற்கும், கலர்தான் வராது. அரக்குக் கூறைப்புடவை சாம்பலாகத் தெரிய, "ஏம்ப்பா, இது உங்க தாத்தா கல்யாணமா?" என்பார். டொராண்டோ அத்தை வீட்டு என்.டி.எஸ்.சி. பெட்டியிலோ படமே நிற்காது; மணமக்கள் பீடத்தோடு சேர்ந்து மேலேயும் கீழேயும் உருளுவார்கள்.

சரி, மாற்றித்தான் அனுப்புவோம் என்றால், கையில் இருப்பது 25 படம், கனடா கேட்பது 30. மீதி ஐந்துக்கு எங்கே போவது? மெஷின் இருப்பதையே மறுபடி காட்டும், இல்லையென்றால் இரண்டைக் குழைத்து ஒன்றாக்கும். நிதானமாக நடந்துவந்த மாப்பிள்ளை அத்தை வீட்டில் வெட்டி வெட்டி வருவார். "கால்ல அடிபட்டுதா?" என்று டிரங்க்கால் வரும்.

இப்போது கேசட் இல்லை, போன்தான். அதுவும் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. மண்டபத்து டியூப்லைட் நம்மூர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. இரண்டும் ஒத்துப்போகாத நேரத்தில் பட்டை பட்டையாய் நிழல் ஓடும். அத்தை வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "மண்டபத்துல லைட் சரியில்லையா?"