ஆசிரியர்கள் ஆராய்ச்சியைப் பயன்படுத்துகிறார்களா? ஒன்றரை மணி நேரத்தில் அளந்து முடிப்பது எப்படி?

பள்ளிகள் கல்வி ஆய்வுகளைப் பயன்படுத்துகின்றனவா என்று அளந்து அறிக்கை கொடுக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? கவலை வேண்டாம். ஒரு கூகுள் ஃபார்ம் போதும்.

"கற்பித்தலில் ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டு, ஆம், பெரும்பாலும் ஆம், எப்போதும் ஆம் என மூன்று விடைகள் கொடுங்கள். மாலை 4 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டு, ஐந்தரைக்குள் நூறு சதவீதம் வேண்டும் என்று எழுதுங்கள். 5 மணிக்கு 'இன்னும் நிரப்பாத பள்ளிகள்' பட்டியலைச் சிவப்பு எழுத்தில் போட்டால் மீதி தானாக வரும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இளைய ஆசிரியர் ஒருவரே பள்ளி முழுவதற்கும் நிரப்பிவிடுவார். எல்லாப் பதிலும் ஒன்றுபோல இருந்தால், அறிக்கையில் அதற்குக் 'கருத்தொற்றுமை' என்று பெயர்.

எந்த ஆய்வு என்று மட்டும் கேட்காதீர்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்துவதாகச் சிலர் எழுதிவிடுவார்கள். அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரமில்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008இலேயே சொல்லிவிட்டார்கள். போன பயிற்சியில் அதை ஸ்லைடு போட்டுக் காட்டியவர் நீங்களாகவே இருக்கலாம்.

ஆய்வு எந்தெந்த விதத்தில் பயன்படுகிறது என்ற வம்பும் வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் கேரல் வைஸ் 1979இல் 7 விதங்களை அடுக்கினார். அதில் இரண்டு நமக்கு நன்றாகவே பழக்கம்: முடிவை எடுத்துவிட்டு அதற்கு ஆதாரம் தேடுவது, "ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிப்போடுவது.

அடுத்து, பள்ளிகளுக்கு அனுப்பிய ஆய்வுக் கையேடுகளின் கணக்கு. எத்தனை பிரதி போனதோ அத்தனை பேர் படித்தார்கள். இங்கிலாந்தில் வீம்புக்கு, அனுப்பினால் பலன் உண்டா என்று சோதித்துப் பார்த்தார்கள். 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த 'லிட்டரசி ஆக்டோபஸ்' சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது: ஆய்வுச் சுருக்கங்களை வெறுமனே அனுப்பிவைத்ததால் பிள்ளைகளின் வாசிப்பு தேறவில்லை. அடிக்குறிப்பில்கூட இதைச் சேர்க்காதீர்கள்.

தப்பித்தவறி வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கே அறிவியல் டீச்சர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, போன மாதப் பாடத்திலிருந்து நாலு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொன்னால் நீண்ட நாள் நிற்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான சேதி. "முன்னெல்லாம் பாடத்தை மறுபடி வாசிக்கவைப்பேன் சார். இப்போ அதை விட்டுட்டேன்" என்பார். எதைப் படித்து எதை விட்டீர்கள் என்ற கேள்விதான் உங்கள் ஃபார்மில் கிடையாதே! வேறு வழியில்லாவிட்டால் 'இதர' என்ற கட்டத்தில் போடுங்கள். மொத்தத்தில் மட்டும் கூட்டவேண்டாம், சதவீதம் நூறைத் தாண்டிவிடும்.