லண்டன் விலையும் திண்டுக்கல் பூட்டும்

கேள்வி: லண்டனில் செம்பு விலை ஏறினால் எங்கள் ஊர்ப் பூட்டுப் பட்டறையில் ஏன் முணுமுணுப்பு கேட்கிறது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பூட்டுக்கு இரும்போடு பித்தளையும் வேண்டும். பித்தளையில் பெரும்பங்கு செம்பு, மீதி துத்தநாகம். செம்பின் விலையையோ லண்டன் உலோகச் சந்தை தீர்மானிக்கிறது. 2024 மே மாதம் அங்கே டன் 11,000 டாலரைத் தாண்டியது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு என்று சொன்னால் லண்டன்காரர் தள்ளுபடி தருவாரா என்ன?

விலை ஏன் ஏறுகிறது? பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் மூன்று, நான்கு மடங்கு செம்பு கேட்கிறது. காற்றாலை, சோலார், ஏசி எல்லாமே வரிசையில் நிற்கின்றன. சுரங்கமோ நினைத்த மாத்திரத்தில் திறக்காது. தோண்டி எடுக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். சிலியில் ஒரு வேலைநிறுத்தம் என்றால் உலகமே விலைப் பலகையைப் பார்க்கிறது.

நம் பக்கம், ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் திறனுள்ள தூத்துக்குடி ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டது. அதன் பிறகு, செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா இறக்குமதி நாடானது. அதைக் காட்டி, 'ஆலையைத் திறந்தால் விலை இறங்கும்' என்கிறார்கள். இறங்காது, ஆலை இங்கே இருந்தாலும் விலை லண்டனில்தான். அந்த ஆலையை எதிர்த்த போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன ஊரிடம் விலைப் பட்டியலை நீட்டுவதும் அழகல்ல.

இந்தச் சந்தையை ஒழுங்காகப் படிப்பவர், இரவில் தோட்டத்து மோட்டார் ஒயரை அறுக்கும் திருடர் ஒருவர்தான். பரணில் பாட்டியின் செப்புக்குடம் இருந்தால், பழைய சாமான்காரர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டாதீர்கள்.