பொம்மைக்கும் காது உண்டு

கேள்வி: இன்டர்நெட்டில் இணைகிற பொம்மை பிள்ளைகளை வேவு பார்க்கும் என்கிறார்களே, சும்மா பயமுறுத்துகிறார்களா?

பதில்: ஜெர்மனி அரசு சும்மா பயப்படவில்லை. 'மை ஃப்ரெண்ட் கெய்லா' என்றொரு பேசும் பொம்மை. குழந்தை கேட்பதை மைக்கில் வாங்கி, புளூடூத் வழியாகச் செல்போன் செயலிக்குத் தள்ளி, இணையத்தில் பதில் தேடிச் சொல்லும். அந்த புளூடூத்துக்கு பாஸ்வேர்டு கிடையாது! பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை இணைத்து, பொம்மையின் வாயால் குழந்தையிடம் பேசலாம்; வீட்டுப் பேச்சையும் கேட்கலாம். 2017 பிப்ரவரியில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் இதை ஒட்டுக்கேட்புக் கருவி என்றே வகைப்படுத்தித் தடை செய்தது. வாங்கியவர்கள் அழித்துவிடவேண்டுமாம். அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது பெற்றோர் பாடு.

ஹாங்காங்கின் விடெக் என்ற மின்னணு பொம்மை கம்பெனியின் கதை இன்னும் மோசம். 2015-ல் ஹேக்கர் புகுந்ததில் 60 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் விவரங்கள் அம்பலம்: பெயர், பிறந்த தேதி எல்லாம். 2018-ல் அமெரிக்காவில் கட்டிய அபராதம் 6.5 லட்சம் டாலர். ஒரு பிள்ளைக்குச் சுமார் பத்து சென்ட்தான் தேறியது.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் கறார். 18 வயது ஆகாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் சம்மதப் பொத்தானை அழுத்துவது உங்கள் விரல்தான். அடுத்த முறை ஒரு செயலி பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டால், 'உனக்கு எதற்கு?' என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள்.