எண்ணெய் தேய்த்த இந்தியா

ஒரு படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டினால் எங்கள் டிராயிங் மாஸ்டர் அதைத் திருட்டு என்பார். அடுத்த பீரியடில் சமூக அறிவியல் டீச்சர் அதே வேலைக்கு ‘வெரி குட்’ போடுவார். இந்தியாவை மனசிலிருந்து வரைந்தால்தான் அவருக்குக் கோபம் வரும்.

டிரேசிங் புத்தகம் என்று ஒன்று வசதியான வீடுகளில் உண்டு. மயில், யானை, ரயில் வண்டி என்று பக்கத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றின் மேலும் பனிமூட்டம் போல ஒரு தாள். எங்கள் தெருவில் அதை வைத்திருந்த பையனுக்கு அந்தத் தாளைத் தொட அனுமதியில்லை. புத்தகம் பாழாகிவிடுமாம். வரைவதற்கென்றே அச்சான புத்தகம், கன்னி கழியாமல் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது.

மற்றவர்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய்தான். நோட்டில் நடுப்பக்கம் கிழித்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் அடியிலிருந்து அட்லஸ் எட்டிப் பார்க்கும். காகித நார்களுக்கு இடையில் உள்ள காற்றுதான் வெளிச்சத்தைச் சிதறடித்துத் தாளை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த இடுக்கில் எண்ணெய் புகுந்துவிட்டால், நாரும் எண்ணெயும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால், வெளிச்சம் பாட்டுக்கு ஊடுருவிப் போகிறது. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400 வாக்கிலேயே இந்த வித்தையை எழுதி வைத்துவிட்டார். ஆனால் அவர் தடவச் சொன்னது ஆளிவிதை எண்ணெய். அது காய்ந்து இறுகும். தேங்காய் எண்ணெயோ அடுத்த வகுப்புக்குப் போனாலும் காயாது. ராஜஸ்தானில் மங்களா எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது 2004-ல். எங்கள் அட்லஸில் அந்த மாநிலம் முழுக்க எண்ணெய் ஊறியது அதற்கு வெகுகாலம் முன்பே.

அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் இன்னொரு சோதனை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தலைவாரிக்கொள்ள நின்றவர்கள் அல்லர், மேப் முடிக்காதவர்கள்.

வரைந்ததை நோட்டுக்கு மாற்றுவதில்தான் நுணுக்கம். தாளின் முதுகில் பென்சிலால் கருப்பாகத் தேய்த்து, நிமிர்த்தி வைத்து, கோட்டின் மேல் மறுபடி அழுத்தி வரைய வேண்டும். இரண்டு முறை வரைவானேன் என்று என் பக்கத்து பெஞ்சுக்காரன் தாளைக் குப்புறப் போட்டு எட்டணாவால் தேய்த்தான். அச்சு அருமையாக விழுந்தது. குஜராத் கிழக்கே வாயைப் பிளந்தது. அஸ்ஸாம் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. இலங்கை கேரளத்துக்காரர்களுக்கு அண்டை வீடாகிவிட்டது. ஊர்ப் பெயர்களை எழுதும்போதுகூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. சென்னையைக் கடல் பக்கம்தானே போட வேண்டும், போட்டான்.

டீச்சர் நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார். பத்துக்கு ஒன்பது. கடலுக்கு நீலம் அடிக்காததால் ஒன்று போயிற்று.