எழுத்துக்காரர்

அரூர்க் கச்சேரிமேட்டில் காலை ஏழு மணிக்குத் தேநீர்க் கடை வாசலில், பிறர் வாங்கிய பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிறர் வாங்கிக் கொடுக்கப்போகும் தேநீருக்காகக் காத்து நிற்கிறாரே, அவரைத்தான் சொல்லுகிறேன். உங்கள் ஊரில் அவருக்குப் பெயர் வேறாக இருக்கலாம். கடையும் வேறாக இருக்கலாம். நிற்கிற தோரணை மட்டும் மாறாது.

என்னை எழுத்தாளன் என்று இவ்வூரில் சிலர் சொல்வதுண்டு. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டம் அவருக்கே உரியது. நான் எழுத்துக்களைக் கூட்டிச் சொல்லாக்கி, சொற்களைக் கூட்டி வாக்கியமாக்கி, அதற்குப் பத்திரிகைக்காரர் அனுப்பக்கூடிய சொற்பத் தொகையை எதிர்பார்த்துத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். அவரோ வாக்கியத்தை உடைத்துச் சொல்லாக்கி, சொல்லையும் உடைத்து எழுத்தாக்கி, அந்த எழுத்துக்களில் இரண்டை மட்டும் நம் காதில் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர். "இன்னிக்கு ஜே.ஏ. சி.எல்., ஆர்.ஐ. ஓ.டி., டி.டி.தான் இன்சார்ஜ்" என்று அவர் ஒருநாள் காலையில் அருளிச்செய்ததை, இளநிலை உதவியாளர் தற்செயல் விடுப்பு, வருவாய் ஆய்வாளர் வேறு பணியில் வெளியூர், துணை வட்டாட்சியரே பொறுப்பு என்று நான் பதவுரை கண்டு முடிப்பதற்குள் தாலுகா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அவரால் என் குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. சுமார் முப்பது வருஷங்களுக்கு முன், பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்த என் இளைய சகோதரன் வாணியாறு அணையைப் பார்வையிடும் பொருட்டு இப்பக்கம் வருவதாக இருந்தது. எங்களுக்கே தெரியாத அந்தச் சமாசாரம் எழுத்துக்காரருக்கு எப்படியோ எட்டிவிட்டது. அவர் சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒரு காலை எங்கள் வாசற்படியில் ஊன்றியவாறு, கோலம் போட்டுக்கொண்டிருந்த என் தாயாரிடம், "அம்மா, உங்க சின்னவனுக்கு டி.பி.! நாளையிலேர்ந்து மூணு நாள். கன்ஃபார்ம் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மணியையும் ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் தாயாரின் இளமைக் காலத்தில் அந்த இரண்டெழுத்துக்கு ஒரே பொருள்தான், அது தாம்பரம். 1928-இல் அங்கே தோன்றிய சானடோரியத்துக்குப் போன உறவினர் இருவரில் ஒருவர் திரும்பி வரவில்லை என்பதை அவர் ஆயுள் முழுவதும் மறந்தவரல்லர். கோலப்பொடிக் கிண்ணம் கவிழ்ந்தது. மூன்று நாள்தான் என்று வேறு கெடு வைத்துச் சொல்லிவிட்டாரே என்று அவர் அழுத அழுகையில் தெரு கூடிவிட்டது. தீர்த்தகிரீசுவரருக்கு வேண்டுதல் நேர்ந்துகொண்டார். தீர்த்தமலைக்கு வெறுங்காலுடன் ஏறுவதாகச் சொன்னார். ஆட்டுக்கால் வாங்கிவர ஆள் போயிற்று. மறுநாள் என் சகோதரன், முன்னைக்கு இப்போது சற்றுப் பருத்தே, ஜீப்பிலிருந்து இறங்கி, "பயணியர் விடுதியிலே ரூம் போட்டிருக்காங்க அம்மா, ஆனா சாப்பாடு இங்கேதான்" என்று சொன்னபோது, அவனுக்கு முன்பாக வைக்கப்பட்டது ஆட்டுக்கால் சூப்பும் அரை டஜன் முட்டையும். டி.பி. என்பதைப் பயணியர் விடுதிக்கும் வழங்குவார்கள் என்று அன்றுதான் என் தாயார் தெரிந்துகொண்டார். வேண்டுதல் மட்டும் வேண்டுதல்தான் என்று, எழுபதை நெருங்கிய வயதில் அந்த மலையையும் ஏறி இறங்கினார். செருப்பில்லாமல் உடன் ஏறியவன் நான்.

விசேஷம் என்னவென்றால், அந்த இரண்டெழுத்து முதலில் நோயின் பெயரே அல்ல. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1882-இல் கண்டறிந்து சொன்னாரே, அந்தக் கிருமிக்குத்தான் அது சுருக்கமாக வழங்கியது; பிற்பாடு கிருமியைவிட்டு நோயைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு வந்த பிறகோ அதற்குக் குடித்தனக்காரர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் காலத்து ஜில்லா போர்டும் டி.பி.; அரூர் நகராட்சியாவதற்கு முன் பேரூராட்சியாக இருந்ததே, அதுவும் டி.பி.; இப்போது என் பேரன் கைப்பேசியில் வேளைக்கொன்றாக மாற்றுகிற தன் முகப்படமும் டி.பி. "தாத்தா, டி.பி. நல்லா இருக்கா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் எனக்கு முழங்கால் வலிக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்று ஒருநாள் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. இரண்டிரண்டாகக் கோத்தால் 676 சோடிகள் கிடைக்கும். அவற்றைத் தமிழில் எழுதும்போது, வல்லோசை டியும் மெல்லோசை டியும் ஒன்றாகின்றன. அவ்வாறே இரண்டு பியும் ஒன்றாகின்றன. மிஞ்சுவது 24 எழுத்து. அதற்குச் சோடி 576. ஆகக் கடல் கடந்து வந்தவற்றில் சரியாக நூறு சோடிகள் நம் கரையில் இறங்கும்போதே காணாமல் போய், அவற்றின் அர்த்தங்கள் மட்டும் அநாதைகளாக வந்து, இருக்கிற சோடிகளின் வீட்டுத் திண்ணையில் ஏறிப் படுத்துக்கொண்டன. அரசு வக்கீலும் பி.பி.; அவருக்கு வருகிற ரத்த அழுத்தமும் பி.பி. மின்சார வாரியமும் ஈ.பி.; கோர்ட்டில் கடன்காரன் போடுகிற நிறைவேற்று மனுவும் ஈ.பி. "உங்க வீட்டுக்கு ஈ.பி. வந்திருக்கு" என்று எழுத்துக்காரர் சொன்னால், விளக்கை அணைப்பதா, வீட்டையே காலி செய்வதா என்பது கேட்பவருடைய பூர்வஜன்மப் பலனைப் பொறுத்தது.

எங்கள் அடுத்த தெருவில், முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தம் பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி இவரிடம் விசாரித்தார். "தங்கமான பையன். மூணு வருஷம் ஆர்.ஐ., அப்புறம் புரமோஷன்" என்றார் இவர். வருவாய் ஆய்வாளரைத்தான் சொன்னார் என்பது நமக்குத் தெரிகிறது. கோர்ட்டு வராந்தாவிலேயே ஆயுளைக் கழித்த மனிதருக்கு ஆர்.ஐ. என்றால் கடுங்காவல் தண்டனை. மூன்று வருஷக் கடுங்காவலுக்கு மேலே புரமோஷன் என்றால் அது ஆயுள் தண்டனையாகத்தான் இருக்கவேண்டும் என்று நிச்சயித்து, அன்று மாலையே ஜாதகத்தைத் திருப்பியனுப்பிவிட்டார்.

தமிழாசிரியனாக இருந்தவன் ஆகையால், இலக்கணத்தைக் காட்டி அவரைத் திருத்திவிடலாம் என்று நானும் ஒருமுறை முயன்றேன். "சார், ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமல்ல, தொல்காப்பியரே அதை ஒப்புக்கொண்டு இரண்டு வகையாக்கியிருக்கிறார். சிலவற்றில் பின்னால் வரும் வினை பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் குதிரை. மா விழுந்தது என்றால்தான் தகராறு, விழுந்தது எது என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், மனத்தில் ஒன்றை வைத்துப் பேசுகிறவன் அதைத் தெளியச் சொல்லவேண்டும் என்பதும் அவருடைய விதியே. உங்கள் டி.டி.யையே பாருங்கள். டி.டி. எடுத்தேன் என்றால் வங்கி வரைவோலை, டி.டி. போட்டேன் என்றால் ஆணி குத்தியதற்கு ஊசி, டி.டி. பார்த்தேன் என்றால் தூர்தர்ஷன், டி.டி. கையெழுத்துப் போட்டார் என்றால் துணை வட்டாட்சியர். வினை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன?" என்றேன்.

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "நன்னூல்காரர் ஓரெழுத்துச் சொல்லே 42 உண்டுன்னு கணக்குப் போட்டு வச்சிருக்கார். ஒரு எழுத்தே சொல்லாகும்போது ரெண்டெழுத்து ஆகாதா, புலவரே?" என்றார், என் கணக்கில் தேநீர் சொன்னார், எதையோ நினைத்துக்கொண்டவர்போல் எழுந்து, "சரி, டி.டி.!" என்று கூறிவிட்டு நடந்தார். அவருடைய ரகசியம் எனக்கு விளங்கியது அந்தக் க்ஷணத்தில்தான். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அது வருவதற்குள் அவர் புறப்பட்டுவிடுகிறார்.

அவர் வீட்டு வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இருக்கும். இருபது வருஷமாக அவரைப் பட்டதாரி என்றே நம்பியிருந்தோம். ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டு விழாவில்தான், அவர் ஓர் அதிகாரிக்கு நேர்முக உதவியாளராக இருந்தவர் என்பதும், பலகையிலுள்ளது அந்தப் பி.ஏ.தான் என்பதும் வெளியாயிற்று. பலகையில் பொய் இல்லை. எனக்குக்கூட அன்று அவர்மீது ஒரு மரியாதை உண்டாயிற்று.

அந்த மரியாதை போன வைகாசியில் போய்விட்டது.

சித்தேரி மலையிலிருந்து ஒரு கிழவரும் பேரனும் வந்தார்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்கிறான். கல்லூரியில் சேரச் சாதிச் சான்று வேண்டும். அவர்கள் மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடி வகுப்பினர் ஆகையால் தாசில்தார் கொடுக்க முடியாது. 1989 முதல் அந்தச் சான்றைக் கொடுக்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவர் ஆர்.டி.ஓ. வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் ஆர்.டி.ஓ. அரூரில் கோட்டாட்சியர் அலுவலகமும் உண்டு. வண்டிகளுக்கான அலுவலகமும் உண்டு. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் வாயில் இரண்டும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். "சாமி, எங்கங்க போறது?" என்று கிழவர் கேட்டார். நம்மவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஆர்.டி.ஓ." என்றார். வேறொருவர் வழி காட்டினார். அவர் காட்டியது வண்டி ஆபீஸை.

ஓட்டுநர் உரிமத்துக்கு வந்தவர்களின் வரிசையில் அவர்கள் இருவரும் மதியம்வரை நின்றார்கள். ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இங்க இல்ல, ஆர்.டி.ஓ.கிட்ட போங்க" என்றார். இதுதானே அது என்று கிழவருக்குக் கேட்கத் தெரியவில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடித்தபோது அன்றைய மனுக்களை வாங்கி முடித்துவிட்டார்கள். இரண்டு பேருடைய பஸ் செலவு, ஒரு நாள் கூலி, மறுநாளும் மலையிறங்கி வரவேண்டிய சிரமம். இவ்வளவும் எதற்காக? வருவாய்க் கோட்டாட்சியர் என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி ஆகிறது, ஆர்.டி.ஓ. என்று சொல்ல ஒன்று. சுருக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சொல்லுகிறவனுக்குத்தான் சுருக்கம். அவன் மிச்சம் பிடிக்கிற ஒரு விநாடியைக் கேட்கிறவன் ஒரு நாளாகக் கட்டித் தீர்க்கிறான். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். தேநீர்க் கடைக்காரர் படிக்காதவர், அவர் எப்போதும், "வண்டி ஆர்.டி.ஓ.வா, சர்டிபிகேட் ஆர்.டி.ஓ.வா?" என்று கேட்டுத்தான் வழி சொல்லுவார். அதைக் கொச்சை என்று நம் எழுத்துக்காரர் முகம் சுளிப்பார்.

மறுவாரம் எனக்கு ஒரு துர்ப்புத்தி தோன்றிற்று. எழுத்துக்காரருடைய டி.வி.எஸ். மொபெட்டின் பதிவு காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய பட்டா மேல்முறையீடு கோட்டாட்சியரிடம் கிடந்து மூன்று வருஷம் ஆகிறது. இரண்டும் எனக்குத் தெரியும். தீர்த்தமலைப் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தவன், கீழே நின்ற அவரைப் பார்த்து, "சார்! உங்களுக்கு ஆர்.டி.ஓ.!" என்றேன்.

அவர் கக்கத்திலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது. "எந்த ஆர்.டி.ஓ.?" என்றார்.

இருபது வருஷமாக ஊரெல்லாம் அவரிடம் கேட்டும் பதில் பெறாத கேள்வி அது. பேருந்து நகர்ந்தது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே பத்தடி ஓடிவந்தார், மூச்சு வாங்கிற்று, வயது அறுபத்தெட்டு. சீ, பாவம் என்று தோன்றி, ஒன்றுமில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது. சொல்லவேண்டிய மிச்சம் என் வாயோடு தீர்த்தமலைக்கு வந்துசேர்ந்தது.