லினக்ஸ் மடிக்கணினித் துயிலியல்: ஒரு முன்னாய்வு

மனிதத் துயிலை ஆராய்ந்தோர் பலர். லினக்ஸ் ஏறிய மடிக்கணினியின் துயிலை ஆராயப் புகுந்தோரோ, நள்ளிரவில் எழாத கறுப்புத் திரையை வெறித்தபடியே காலம் கழித்து, நூல் எழுதாமல் போயினர். அக்குறை நீக்கவே இச்சிற்றாய்வு.

துயில் முக்கியமாக மூவகைப்படும். நிரல்களை உறையவைத்துச் சாதனங்களை ஓய்வில் விட்டுச் சிப்பை மட்டும் சும்மா இருத்துவது எஸ்2ஐடில். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் ஊட்டுவது எஸ்3. நினைவை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தையே துறப்பது ஹைபர்னேட். இத்தகைய மின்மேலாண்மைக்கு ஏசிபிஐ என்னும் மூலநூலை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் 1996இல் வெளியிட்டனர். மூலம் ஒன்று, ஆனால் ஒவ்வொரு கணினியின் பயாஸும் தன் போக்கில் அதற்கு உரை கண்டது. உரை பிழைத்த இடத்தில் கணினி எழும், வைஃபை எழாது.

ஆகவே, தூங்குமுன்னும் எழுந்தபின்னும் தானே இயங்கி இக்குறையைச் சரிக்கட்டும் ஸ்கிரிப்ட் பிறந்தது. முந்தைய பிஎம்-யுட்டில்ஸ் மரபில் ஸ்கிரிப்டுகளுக்கு எண் உண்டு. தூங்கப் போகையில் சிறிய எண் முந்தும். எழுகையில் வரிசை தலைகீழாகும். கடைசியில் படுப்பவரே முதலில் எழ வேண்டும் என்ற இவ்விதியைக் கூட்டுக்குடும்பத்து மருமகள்கள் நன்கறிவர். இன்று ஆட்சியிலிருக்கும் சிஸ்டம்டி இவ்வரிசையை ஒழித்து, 'சிஸ்டம்-ஸ்லீப்' அடைவில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏவுகிறது. போதாக்குறைக்கு, இவையெல்லாம் ஒட்டுவேலை என்று அதன் கையேடே கைகழுவுகிறது. பழைய வரிசையே மேல் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஸ்கிரிப்டின் உள்ளே ஐந்தாறு வரிதான். 'ப்ரீ' என்று குரல் வந்தால் வைஃபை டிரைவரைக் கழற்று. 'போஸ்ட்' என்றால் மறுபடி மாட்டு. அவ்வளவே.

எழாமை ஒரு நோயென்றால், வேண்டாத நேரத்தில் எழுதல் இன்னொன்று. பைக்குள் வைத்த கணினி யாரும் எழுப்பாமலே விழித்து, வெந்து, பேட்டரியைக் குடித்து முடிக்கும். எழுப்பும் உரிமை யார் யாருக்கு என்ற பட்டியல் '/ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்' கோப்பில் இருக்கிறது. பல கணினிகளில் யுஎஸ்பிக்குரிய பெயர் எக்ஸ்எச்சி. ரூட்டாக நின்று அப்பெயரை அதில் ஒருமுறை எழுதினால் உரிமை பறிபோகும். 'போனதோ இல்லையோ' என்று ஐயுற்று மறுமுறை எழுதினால் திரும்பி வந்துவிடும். பெருமளவு துன்பம் இந்த ஐயத்தால் விளைவது. கணினியை அணைத்துப் போட்டால் எழுதியது எப்படியும் அழியும். ஒவ்வொரு முறையும் எழுத இன்னொரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

ஆய்வைச் செயல்படுத்த விரும்புவோர் ஸ்கிரிப்ட் கோப்புக்கு இயங்கும் அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம். அது இல்லையெனில் சிஸ்டம்டி பிழை எதுவும் சொல்லாது. கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.